வாட்டக்கா வைத்த சோதனை

வீட்டுக்குள்ளேயே ஓட்டும் சைக்கிள் பயிற்சி இயந்திரங்களைத் தயாரிக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிளை இயந்திரத்தில் பூட்டி மிதித்தால், திரையில் மேடு வரும்போது அது கால்களை இறுக்கிப் பிடிக்கும். இயந்திரம் இருநூறு வாட் என்று காட்டினால், கால்கள் நிஜமாகவே இருநூறு வாட் கொடுக்கின்றனவா என்று அளவுமானி பெடல்களைப் பொருத்தி, தானே மிதித்துப் பார்ப்பாள். புளுகும் இயந்திரத்துக்கு ஈவு இரக்கமே கிடையாது. வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவாள். ‘வாட்டக்கா’ என்று பெயர் வைத்தவர்கள் பேக்கிங் பிரிவுக்காரர்கள்.

அவள் கணவர் பஸ் டிரைவர். தொந்தி ஸ்டியரிங்கைத் தொட ஆரம்பித்ததும் அப்படி ஒரு இயந்திரம் வீட்டுக்கு வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் தம்பியும் ஒன்று வாங்கினான். ஞாயிறு காலையில் இருவரும் அவரவர் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் பந்தயம் விடுவார்கள். மேடு வந்தால் தம்பி முந்திவிடுவான். அதோடு விடவும் மாட்டான்.

“மாமா, நான் குளிச்சு முடிச்சிட்டேன். நீங்க வந்து சேந்துட்டீங்களா?” என்று போன் போடுவான்.

ஒரு நாள் டிரைவருக்குப் பொறுக்கவில்லை. “உன் தம்பி மெஷின் புளுகுது. ஊர்ல உள்ளதெல்லாம் செக் பண்றியே, அதையும் பாரேன்.”

“பாத்தா ரெண்டையும்தான் பாப்பேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.”

“என்னோடது சொக்கத் தங்கம். பாத்துக்கோ.”

மேலாளரிடம் கேட்டுப் பெடல்களை எடுத்து வந்தாள். தம்பி வீட்டில் திரையும் பெடலும் ஒரே கணக்கைச் சொல்லின. “யோக்கியமான மெஷின்டா” என்றாள். வேடிக்கை பார்க்க அவனும் கூடவே கிளம்பி வந்துவிட்டான்.

டிரைவர் சைக்கிளில் ஏறியதும் விறுவிறுவென்று மிதித்து, சட்டென நிறுத்தி, இயந்திரத்தைத் தானாக ஓடி ஓய விட்டார்.

“என்ன பண்றீங்க?”

“அளவு சரி பண்றேன். தெனமும் ஏறின உடனே பண்ணிடுவேன்.”

“ஏறின உடனேவா!” என்றாள். அவரை வியர்க்க வியர்க்க ஓட்டவிட்டுப் பார்த்தாள். திரையில் இருநூறு. பெடலில் நூற்று எண்பதுகூட இல்லை.

“மெஷின் சில்லுனு இருக்கறப்ப இறுக்கமா இருக்குங்க. அப்ப அளவெடுத்தா, அந்த இறுக்கத்தையும் நீங்கதான் தள்றீங்கன்னு அது கணக்கு வெச்சுக்கும். சூடாகி இளகின பிறகும் அதே கணக்குதான். நீங்க தள்ளாததையும் உங்க பேர்லயே எழுதிருக்கு.”

தம்பி சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தான். “அப்ப மெஷின் கை கொடுத்துமா மாமா தோத்தாரு!”

டிரைவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. எத்தனையோ இயந்திரங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஒன்றுக்கும் இப்படி முகம் வாடியதில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள். துண்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. தொந்தி குலுங்கிக்கொண்டிருந்தது.

“சரி பண்ணிக் கொடு. இனிமே நேர்மையா தோக்கறேன்.”

அன்று முதல் இயந்திரம் நன்றாகச் சூடேறிய பிறகே அளவெடுத்தார். முதல் சில வாரங்கள் நாக்குத் தள்ளியது. ஆனாலும் விடவில்லை.

தொந்தி பாதி கரைந்த சமயத்தில், “நிஜ மேட்டுல வாடா, பாத்துடலாம்” என்று மைத்துனனைக் கூப்பிட்டார். ஊருக்கு வெளியே இருந்த குன்றுப் பாதையில் ஆண்கள் இருவரும் கூச்சல் போட்டுக்கொண்டு பாய்ந்தார்கள். பாதி வழியில் இருவருக்கும் மூச்சு வாங்கியது. பக்கத்து வீட்டு சைக்கிளை இரவல் வாங்கி வந்திருந்த அவள், ஒரே சீராக மிதித்து அவர்களைத் தாண்டினாள்.

“அக்கா, எங்க போறே?”

“மேலதான்!”

உச்சியில் மைல்கல் மேல் உட்கார்ந்து பார்த்தாள். வளைவு திரும்பி முதலில் வந்தவர் டிரைவர். தம்பி ஒரு சக்கர அளவு பின்னால் இருந்தான். வந்ததும் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் புல்லில் மல்லாந்தான். “ஒத்துக்கறேன் மாமா” என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் பஸ்ஸில் ஏறிய தெரிந்தவர்களிடமெல்லாம் டிரைவர் சொன்னார்: “நேத்து மலை ஏறற போட்டி. என் வீட்டுக்காரி ஃபர்ஸ்ட்டு, நான் செகண்டு.” எத்தனை பேர் ஓட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை.