கடலை உடையாத கை

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, எங்கள் கோயில் பாடல்குழுவில் லீட் கிட்டார் வாசித்த அத்தை மகள் கல்யாணமாகிக் குளத்தூருக்குப் போய்விட்டாள். கிட்டார் என் கைக்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை! ஆனால் பாடல்குழுவை நடத்திய பெரியப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "ஈஸ்டருக்குள்ள ஒனக்கு வெரலு ஓடணும். இல்லைன்னா காணிக்கைப் பாட்டுக்கு நடுவுல வர்ற கிட்டார் பகுதிய நான் கீபோர்டுலயே வாசிச்சுக்கிருவேன்."

என் இடது கை இருக்கிறதே, அது சரியான முரடு. கம்பியைத் தொடச் சொன்னால் கிட்டாரின் கழுத்தையே நெரிக்கும். சுண்டுவிரலோ தனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் அந்தரத்தில் நிற்கும். மெதுவாக அழுத்து, உள்ளங்கை ஒட்டக்கூடாது என்று போனில் ஒரு வீடியோ சொன்னது. சொல்வது சுலபம்! நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். உள்ளங்கைக்கும் கிட்டாருக்கும் நடுவில் காய்ந்த நிலக்கடலை ஒன்றை ஓட்டோடு வைத்துக்கொண்டு வாசிப்பது. இறுக்கினால் படக்கென்று உடையும்.

உடைந்தது, உடைந்தது, நாள் முழுக்க உடைந்தது. உடைந்ததைத் தின்றுவிட்டு அடுத்ததை வைப்பேன். அடுப்படிக் கடலைக் கிண்ணம் காலியாகும். காலையில் பார்த்தால் நிரம்பியிருக்கும். ஒருநாள் உள்ளே அம்மாவின் குரல் கேட்டது.

"என்னங்க, அந்தச் சாக்குலயா அள்ளுறீங்க?"

"இருக்கட்டும் விடு, புள்ள வாசிக்குதுல்ல" என்றார் அப்பா.

எந்தச் சாக்காக இருந்தால் எனக்கென்ன!

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு, குருத்தோலை ஞாயிறன்று சாயங்காலம், முழுப் பகுதியையும் வாசித்துவிட்டுக் கையை விரித்தேன். கடலை அப்படியே இருந்தது. நான்கு விரல்களும் கம்பியை ஒட்டியே ஓடியிருந்தன! "ஒடையல, ஒடையல!" என்று கத்திக்கொண்டு தெருவரைக்கும் ஓடினேன்.

ஈஸ்டர் காலைப் பூசையில் என் முறை வந்தது. விரல்கள் ஓடின பாருங்கள், அப்படி ஓடின! சுண்டுவிரல் எட்டிப்பிடித்த கடைசிச் சுரத்தில் பெரியப்பா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். ஆண்கள் பக்கத்தில் அப்பா எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்றுவிட்டார்.

ஆடியில் மழை பெய்ததும் கொல்லையில் கடலை விதைத்தோம். ஓரமாக உழுத சால் நாலைந்து வெறுமனே கிடந்தது.

"ஏப்பா, அங்கிட்டு போடலையா?"

"வெதை பத்தலத்தா."

சரி என்று தலையாட்டிவிட்டு, வாசிக்க நேரமாகிவிட்டதென்று வீட்டுக்கு ஓடினேன்.