எங்கே என்று கேட்காத வீடு

அரியாலைப் பரவைக்கடலில் வலை வீசிய அப்பாவுக்குத் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர் எங்கள் அண்ணை. இடம்பெயர்ந்த காலங்களில் எங்களைத் தோளில் சுமந்தவர். பின்னர் கனடாவின் மேற்கு மலைநாட்டில், மரம் அரியும் ஆலையில் வேலை பார்த்து எங்களைக் கரையேற்றினார்.

எல்க் வேட்டை அங்கேதான் பழகியது. எல்க் என்பது நம்மூர் மரையைவிடப் பெரிய மான். இலையுதிர்காலம் வந்தால் அனுமதி எடுத்து, துவக்கோடு அரசாங்கக் காட்டுக்குள் ஏறுவார். செங்குத்தான மலை, பக்கத்தில் நிற்பவரையும் மறைக்கும் மரங்கள். இறைச்சியை முதுகில் சுமந்து இறக்கி அயலுக்கெல்லாம் பகிர்வார். வெள்ளிக்கிழமையில் மட்டும் துவக்கைத் தொடமாட்டார்.

ஆண் எல்க்கை வரவழைக்கும் குழலை ஒருமுறை வீடியோ அழைப்பில் ஊதிக் காட்டினார். நாதசுரத்துக்குப் புதுச் சீவாளியை ஊதிப் பார்ப்பது போன்ற கீச்சுச் சத்தம். அம்மாவின் முகம் கறுத்துவிட்டது.

“உதை வீட்டுக்குள்ளை ஊதாதை மோனை. என்னத்தையும் கூப்பிட்டுப் போடும்.”

“வந்தால் சமைப்பம் அம்மா!” என்று சிரித்தார்.

கடைசிப் பயணத்துக்கு முதல்நாள் அழைத்தபோது அந்தச் சிரிப்பு இல்லை.

“எங்கடை மலையிலை இந்தமுறை ஒரு சத்தமும் இல்லைத் தங்கச்சி. குழல் ஊதினாலும் பதில் இல்லை. வேறை பக்கம் போகப் போறன்.”

எந்தப் பக்கம் என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். புறப்படுபவரை ‘எங்கே’ என்று கேட்டால் போகும் காரியம் கெட்டுவிடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மறுநாள் விடிய, அங்கே அண்ணியும் எங்கே என்று கேட்காமல் சாப்பாட்டுப் பொதியைக் கொடுத்தார். “போட்டு வாறன்” என்று மட்டும் சொல்லிப் போனார் அண்ணை.

அவர் திரும்பவில்லை. எங்கே போவதாகச் சொன்னார் என்றுதான் மீட்புப் படையினர் முதலில் கேட்டார்கள். அண்ணிக்குத் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அதனால் பழைய மலையிலேயே தேடினார்கள். பனி கொட்டத் தொடங்கியது. அடுத்த பள்ளத்தாக்கில் அவருடைய வாகனத்தைக் கண்டபோது காலம் கடந்துவிட்டது. கால் முறிந்து, மரமொன்றில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மூட்டிய நெருப்பின் சாம்பல் பெருங்குவியலாகக் கிடந்ததாம். அவ்வளவு நேரம் அண்ணை யாராவது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

பனியில் இறங்கித் தேடியவர்களுக்கும், அண்ணியைத் தனியே விடாத ஆலைத் தோழர்களுக்கும், அண்ணையின் ஓராண்டு நினைவான இந்த ஆட்டைத்திவசத்தில் எங்களோடு நின்று சமைத்துப் பரிமாறிய உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நீங்கள் வெளிக்கிடும்போது அம்மா படலையடியில் நிற்பார். ஒவ்வொருவரையும் மறித்து, “எங்கை போறியள்?” என்று கேட்பார். சகுனப் பிழை என்று முகம் சுளிக்காதீர்கள். நின்று, இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.