கல் தட்டியதும் நிறுத்தச் சொன்னவர்

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றுக்கு மண் பரிசோதனை நடந்தபோது, காலையிலேயே ப்ராஜெக்ட் மேனேஜர் சீனிவாசனுக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. பரிசோதனை செய்த கம்பெனியின் ஜியாலஜிஸ்ட் நான். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். தகடுகளை அழுத்தும் ராட்சத பிரஸ் மெஷின் நிற்கப்போகும் இடத்தில் ரிக் மெஷினை வைத்துத் துளை போட்டோம். நாலைந்து மீட்டரிலேயே துளைக்கும் பிட் கல்லில் மோதியது. வெட்டியெடுத்த உருளைக் கல் கருநீலமாக, எண்ணெய் தடவியதுபோல மின்னியது. சார்னோகைட்.

"ராக் வந்துடுச்சுல்ல மேடம்? ரிக்கைக் கழட்டச் சொல்லுங்க. ஃபவுண்டேஷனை இது மேலயே உட்கார வெச்சுடலாம்."

"இன்னும் கீழே போகணும் சார். இது தனிக் கல்லா, அடிப்பாறையான்னு தெரியணும்."

"தனிக் கல்லா? யாராவது தூக்கிட்டு வந்து புதைச்சாங்களா?"

பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன். இந்தப் பாறை உருவானது பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில். அங்கே கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் பழைய பாறை ஒன்று, முழுதாக உருகிவிடாமல், உள்ளுக்குள்ளேயே வேறு படிகங்களாக மாறியது. பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகள் மேலிருந்ததை மழையும் ஆறும் அரித்துப்போக, பாரம் குறையக் குறைய அடிநிலம் உயர்ந்து இது மேலே வந்தது. பாரம் விலகினால் பாறையில் விரிசல் விடும். விரிசலில் தண்ணீர் இறங்கிச் சுற்றிலும் களிமண்ணாக்கிவிடும். நடுவில் உருண்டைக் கல் மட்டும் மிஞ்சும்.

"இதெல்லாம் காலேஜ்ல சொல்லுங்க மேடம். இங்க ஷெட்யூல் போகுது."

மறுபடி சொன்னேன். அதற்கும் அதே பதில். கற்சுவரோடு பேசியிருக்கலாம். கடைசியில், துளை முடியாமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன்.

ரிக் ஓட்டும் மூர்த்தி மண்ணூர்க்காரர். அவருக்கும் பொறுமை போய்விட்டது. "சார் நிறுத்துன்றாரு, நீங்க ஓட்டுன்றீங்க. நான் இன்னாதான் பண்றது?"

"ஓட்டுங்க மூர்த்தி. நான் பாத்துக்கறேன்."

மதியச் சாப்பாட்டுக்கு முன் அவரே கூப்பிட்டார். "மேடம், பிட்டு சரக்குனு இறங்குது. தண்ணி செவப்பா வந்துகினு கீது, பாருங்க."

கல்லுக்கு அடியில் களிமண்; அதுதான் துளைத் தண்ணீரைச் சிவப்பாக்கியது. அதன் மேலேயே ஃபவுண்டேஷன் போட்டிருந்தால், பிரஸ் ஒவ்வொரு முறை இடிக்கும்போதும் அந்தக் கல் ஒரு பக்கமாக அமுங்கியிருக்கும். மெஷின் சாய்ந்திருக்கும், பக்கத்தில் ஆட்கள் நிற்கும்போது. சீனிவாசன் சிவப்புத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, போன் வந்ததுபோல நகர்ந்துபோனார். உண்மையான பாறை வெகு ஆழத்தில் கிடைத்தது. மெஷினைத் தாங்கும் கான்கிரீட் தூண்களை, அதாவது பைல்களை, அதுவரை இறக்குவதென்று முடிவானது.

அடுத்த வாரம் முதலாளி வந்த மீட்டிங்கில் சீனிவாசன் எழுந்து சொன்னார்: "எங்களுக்கு ஆரம்பத்துலயே டவுட் சார். அதான் ஆழமா போகச் சொன்னோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் பைல் டிராயிங்கில் முதலாளி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்; வேலை நடந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கல் தட்டியதும் நிறுத்தாதீர்கள், யார் கத்தினாலும். பாராட்டு வேறு யாருக்காவது போகும். போகட்டும். மெஷின் நேராக நிற்க வேண்டும்.