முடி முளைச்ச கிருமியும் என் ஸ்கூட்டரும்

டேய் டெலிவரி பசங்களா! சாம்பார் பொட்டலம் ஒழுகிடுச்சுன்னு மூஞ்சத் தொங்கப் போட்டு நிக்கிறீங்களே, இங்க வாங்க. நான் டெலிவரி பண்றது கிருமி. அதுவும் ஆஸ்பத்திரியில லேசுல எந்த மருந்துக்கும் அசராத ரவுடிக் கிருமி. ஒழுகுச்சுன்னா ஸ்டாரு குறையாது, ஊரே குறையும்.

காலேஜ பாதியில விட்டுட்டு, நெல்லித்தோப்புல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல எடுபிடியா சேந்தேன். அங்க சல்மா அக்கா இந்தக் கிருமிய வெச்சுத்தான் பி.எச்.டி. பண்றாங்க.

தேய்ச்சாலும் போகல

மொத நாளே கிருமி வளக்குற கண்ணாடி டியூப் கழுவச் சொன்னாங்க. கொதிக்கிற ஆவியில வெச்சு கிருமியெல்லாம் செத்தாச்சு. ஆனா உள்பக்கம் ஒரு வளையம், காபி டம்ளர்ல நுரை காஞ்ச மாதிரி. பிரஷ்ஷே மொட்டையாயிடுச்சு, அது போகல. "அக்கா, செத்தும் விட மாட்டேங்குதே!"ன்னேன்.

அக்கா மூஞ்சி அப்புடியே பளிச்சுன்னு ஆயிடுச்சு. அதுங்க உடம்பு மேல முடி மாதிரி புரோட்டீன் இழை நீட்டிக்கிட்டு இருக்குமாம். அத வெச்சுத்தான் டியூப்ப புடிச்சிக்குமாம், ஒண்ணையொண்ணு புடிச்சிக்குமாம். "கொல்ல முடியலன்னா போவுதுடா, ஒட்ட விடாம பண்ணிட்டா? மொதல்ல அந்த முடிய ஒரு போட்டோ புடிக்கணும், அவ்ளோதான்!"

மொட்டை யாருக்கு?

அந்தக் கிருமியோட ஓனர் சிங்காரம் அண்ணன். தேங்காய்த்திட்டுல மீன் ஏலம் விடுறவர். யூரின் டியூப் போட்டுப் படுத்திருந்தார், ஊசி மேல ஊசி போட்டும் ஜுரம் விடல. நான் பெரிய சயின்டிஸ்ட் மாதிரி, "அண்ணே, உங்க டியூப்ல ஒட்டியிருக்கிறதுக்கு முடி இருக்குண்ணே"ன்னேன்.

தன் வழுக்கைய ஒரு வாட்டி தடவிப் பாத்துக்கிட்டார். "என் உடம்ப தின்னுட்டு அதுக்கு முடி, எனக்கு மொட்டையா? எந்த ஊரு நியாயம்டா இது?"

டானிக் பாட்டில்

லேப்ல கிருமி வளக்குற டியூப்ப ஆட்டாம வெச்சா, மேல பாலாடை மாதிரி ஒண்ணு படியும். முடியெல்லாம் அதுலதான். அது உடையாம லாஸ்பேட்டை காலேஜுக்குப் போகணும், பெரிய எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் அங்கதான் இருக்கு. டப்பாக்குள்ள டப்பா வெச்சு மூடிக் குடுப்பாங்க. என் வேலை ஸ்கூட்டர்ல கொண்டு போறது மட்டும்தான்.

மொத வாட்டி, அந்த ஆடையப் பாத்து ஏதோ கெட்டுப் போச்சுன்னு நெனச்சு, மூடுறதுக்கு முன்னாடியே டானிக் மாதிரி நல்லா குலுக்கிட்டேன். ஸ்கிரீன்ல பாத்தா எல்லாம் மொட்டை. ரெண்டாவது வாட்டி குலுக்கல, ஆனா ஸ்பீடு பிரேக்கர்ல எல்லாம் பறந்தேன். மறுபடியும் மொட்டை. அக்காவோட கைடு சார், இன்னும் ஒரே வாட்டி பாரும்மா, இல்லன்னா பி.எச்.டி. தலைப்ப மாத்திக்கோன்னுட்டார். இத்தன வருஷ உழைப்பும் குப்பைக்கு. அக்கா என்கிட்ட கத்தக்கூட இல்ல. "டேய், உன்னை பெத்தாங்களா, இல்ல மோட்டார் வெச்சு செஞ்சாங்களா?"

காடு

கடைசி வாட்டி லேட்டா, வேர்த்து ஒழுகப் போய் நின்னேன். அக்கா டப்பாவத் தொறந்தாங்க. ஆடை அப்புடியே மெதக்குது! சாயம் வெச்சு உள்ள தள்ளினாங்க. ஸ்கிரீன் மங்கலா இருந்துது, அப்புறம் தெளிஞ்சுது. ஐயோ, முடிடா! ஒவ்வொண்ணும் நாலாபக்கமும் இழைய நீட்டிக்கிட்டு, காடு மாதிரி! மெஷின் ஓட்டுறவரு நாற்காலிய விட்டு எழுந்துட்டார். அக்கா என் சட்டையப் புடிச்சு உலுக்குறாங்க. நான் விசில் அடிச்சதுல வாட்ச்மேன் ஓடியாந்துட்டார்.

டியூப் மாத்தி, வேற மருந்து குடுத்ததுல சிங்காரம் அண்ணனுக்கும் ஜுரம் விட்டுடுச்சு. அவர்கிட்ட அந்தப் போட்டோவ காட்டினேன். கிட்ட இழுத்து வெச்சு உத்துப் பாத்தார். "பாவிப்பய, சீவி வேற விட்டிருக்கான் பாரு!"

தலைப்பு தப்பிச்சுது. "நம்ம தினேஷ் பூ மாதிரி கொண்டாந்தான்"னு அக்கா இன்னைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியுறாங்க. பூவும் இல்ல பொறுமையும் இல்லப்பா, அன்னைக்கு பாதி வழியில வண்டி பஞ்சர், தள்ளிக்கிட்டே வந்தேன்.