தேதி தெரியாத பெரியப்பா

கல்யாணமே ஆகாதவளுக்கு அலுவலகத்தில் மாமியார் என்று பெயர். அடுத்தவர் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம் என்றால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவளும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

அவள் மேசையில் இருப்பது ஒரே கணினி. அதற்குள் மென்பொருளாலேயே ஆன நான்கு மெய்நிகர் கணினிகள் ஓடும். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்றே நம்பிக்கொண்டிருக்கும். பழைய விண்டோஸ்தான் பெரியப்பா, எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். புது விண்டோஸ் மாப்பிள்ளை. நேரங்காலம் இல்லாமல் அப்டேட் கேட்டு முறுக்கிக்கொள்வார். எதிலும் குறை சொல்லும் மேக், சம்பந்தியம்மா. லினக்ஸ் சித்தப்பாவுக்குத் தன் இஷ்டம்தான் சட்டம். இந்தக் குடும்பம் மொத்தமும் தலையாட்டினால்தான் மென்பொருள் வாசலைத் தாண்டும்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வெளியாக வேண்டியது, மாத்திரையை நினைவூட்டும் மென்பொருள். மாத்திரை போட்டதும் திரையில் டிக் அடித்தால் போதும். அவளுடைய அப்பா தனியாக இருக்கிறார். ரத்தக்கொதிப்பு, கூடவே மறதி. போன வாரம்தான் அவருடைய பழைய கணினியில் சோதனைப் பதிப்பைப் போட்டுக் கொடுத்திருந்தாள். இனி தினமும் போன் பண்ணித் தொல்லை கொடுக்க வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை பாதி வேலையில் அப்படியே நிறுத்தித் தூங்க வைத்திருந்த பெரியப்பாவை அன்று காலை எழுப்பினாள். ‘இன்றைய மாத்திரைகள் போட்டாயிற்று’ என்றது திரை. பெரியப்பாவுக்கு இன்னும் வெள்ளிக்கிழமைதான் நடந்துகொண்டிருந்தது.

மென்பொருளை எழுதியவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

“அக்கா, இது நீங்க தூங்க வச்சதால வந்த கோளாறு. நிஜ வீட்டுல எந்தக் கணினிக்கு தேதி தெரியாம இருக்கும்?”

தன் கணினி தேதியைத் தப்பாகக் காட்டுகிறது என்று அப்பா எப்போதோ புலம்பியது ஞாபகம் வந்தது. வாதத்தில் ஜெயித்துவிடலாம் என்று ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள்.

“அப்பா, உங்க கணினி இன்னைக்கு என்ன தேதி காட்டுது?”

“அதுக்குள்ள கடிகாரத்துக்குன்னு இருக்கிற பேட்டரி செத்து எவ்வளவோ காலமாச்சு. எப்பத் திறந்தாலும் ஜனவரி ஒண்ணுதான்.”

‘பார்த்தாயா’ என்று அவனைப் பார்த்தவள் அடுத்த கணமே போன் பக்கம் திரும்பினாள்.

“மாத்திரை போட்டீங்களா?”

“முதல் நாள் டிக் அடிச்சேன். மறுநாள்லேர்ந்து திறந்தாலே போட்டாச்சுன்னு அதுவே சொல்லுது. எனக்குத்தான் மறதின்னு விட்டுட்டேன். நீ பார்த்துக் குடுத்தது தப்பா சொல்லுமாம்மா?”

ஊரார் தப்பையெல்லாம் கண்டவள், அப்பாவின் திரை மூலையில் இருந்த தேதியைப் பார்க்கவில்லை.

“அப்பா, இன்னைக்கு உள்ளதை மட்டும் இப்பவே போடுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு, “போட்டுட்டேன்மா.”

அதற்குள் எழுதியவனே மேலாளரிடம் எழுந்து போயிருந்தான். அன்று மென்பொருள் வெளியாகவில்லை.

இப்போது குடும்பத்தில் ஐந்தாவதாக ஒரு கணினி. எப்போது திறந்தாலும் ஜனவரி ஒன்று. அதற்கு அப்பா என்று பெயர் வைத்தவன் அவன்தான். எதை எழுதினாலும் முதலில் அவரிடம் காட்டிவிட்டுத்தான் வருகிறான்.

நிஜ அப்பாவுக்கு அவள் தினமும் காலையில் போன் பண்ணுகிறாள். தொல்லைதான். ஆனால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார்.