கோல் மார்க்கெட்டில் இரண்டாவது காபி

பொருளாதார டியூஷன் எடுப்பவன் வாயை அளந்துதான் திறக்க வேண்டும். மாணவிக்குப் பாடம் ஏறுகிறதோ இல்லையோ, அடுத்த அறையில் இருக்கும் பெற்றோருக்கு ஏறிவிடும். வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லிப் பிழைக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

போன குளிர்காலத்தில் தில்லி முனிர்காவில் அறை எடுத்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். கையிலிருந்தது ஒரே டியூஷன்: கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில், கல்லூரி முதலாண்டு படிக்கும் நந்தினி. அவள் அப்பா மத்திய அரசு அதிகாரி, திருநெல்வேலிக்காரர். அந்த வீடும் போனால் நான் ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்.

காபி குறைந்த விதம்

பாடப்புத்தகத்தில் உதாரணம் ஆப்பிள்தான். என் கெட்ட நேரம், சமையலறையிலிருந்து ஐ.என்.ஏ. மார்க்கெட் காபித்தூள் வாசனை வந்தது. "முதல் டம்ளர் காபி தரும் திருப்தியை இரண்டாவது தராது, மூன்றாவதில் இன்னும் குறையும்" என்று நடத்திவிட்டேன்.

அந்த வீட்டில் எனக்கு வந்ததும் ஒரு காபி, கிளம்பும்போது ஒரு காபி. அன்று இரண்டாவது வரவில்லை. செருப்பை மெதுவாக மாட்டிப் பார்த்தேன். நந்தினியின் அம்மா வாசலுக்கு வந்து கனிவாகச் சொன்னார்: "ரெண்டாவதுல உங்களுக்குத் திருப்தி இருக்காதுல்லா தம்பி, அதான் போடல."

தூக்கத்தின் விலை

ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அதற்காக நாம் கைவிடுவதுதான் அதன் உண்மையான விலை என்று சனிக்கிழமை நடத்தினேன். ஞாயிறு காலை போனால் நந்தினி ஹால் சோபாவில் ரஜாயை, அந்தக் கனத்த பஞ்சுப் போர்வையை, போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் மட்டும் வெளியே. பாடம் புரிந்ததா என்று கேட்டேன்.

"அச்சாவா புரிஞ்சுது அண்ணா. இந்த கிளாஸோட விலை என் தூக்கம். பஹுத் மெஹங்கா, ரொம்ப காஸ்ட்லி. கேன்சல் பண்ணிடலாமா?"

போட்டி

அடுத்த வாரம் வகுப்பு திங்கள், புதனுக்கு மாறியது; என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி. அதில் முருகேசன், என் அறைத்தோழன். காலையில் "ஒரு வேலையா போறேன்" என்று நான் இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவன். நந்தினியின் அப்பா மிகுந்த திருப்தியோடு விளக்கினார்.

"போட்டி இருந்தாத்தான் சரக்கு நல்லாருக்கும்னு நீங்கதான சொன்னீய? இனிமே யாரு நல்லா நடத்துதியளோ அவருக்கு மட்டும் காபி. பரீட்சை முடிஞ்சதும், காபி அதிகம் வாங்குனவரு மட்டும் போதும்."

ஒப்பந்தம்

முனிர்கா போய்ச் சேரும்வரை பஸ்ஸில் சண்டை போட்டோம். இறங்கும்போது சமாதானம். திங்கட்கிழமை நான் உளற வேண்டும், காபி அவனுக்கு. புதன்கிழமை அவன் உளறுவான், காபி எனக்கு. இருவரும் சமமாகவே இருந்தால் யாரை அனுப்புவார்? எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

பரீட்சை முடிவு வந்த அன்று இருவரையும் கூப்பிட்டார்கள். நந்தினி வகுப்பிலேயே முதல் மதிப்பெண். ஆளுக்கொரு காபி வந்தது. எப்படிம்மா எழுதினாய் என்று பெருமையாகக் கேட்டேன்.

"விக்கிறவங்க ரகசியமா பேசி வெச்சுக்கிட்டு போட்டியைக் கெடுக்கறதுக்கு எக்ஸாம்பிள் கேட்டாங்க அண்ணா. மண்டே நீங்க உளறுவீங்க, வெட்னஸ்டே அந்த அண்ணா உளறுவார். அதையே எழுதினேன். இப்ப எனக்கே எல்லாம் புரியுது, டியூஷன் வேண்டாம்."

நாங்கள் செருப்பை மாட்டும்போது நந்தினியின் அம்மா மனசு கேட்காமல் ஆளுக்கு இரண்டாவது காபி கொண்டுவந்தார். பாடப்புத்தகம் என்ன சொன்னாலும், முதலாவதைவிட அதுதான் ருசியாக இருந்தது.