வெயிலில் காட்டாத வெள்ளை

எங்கள் துணிக்கடை லிங்கராஜபுரத்தில், சர்ச்சுக்குத் திரும்புகிற தெருமுனையில் இருந்தது. கடை என்றால் ஓர் அறை, அவ்வளவுதான். வாசலில் படி, உள்ளே தரை முழுக்க மெத்தை, மெத்தைமேல் வெள்ளை விரிப்பு. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, காலை மடக்கி உட்கார்ந்துதான் துணி பார்க்க வேண்டும். என் கணவர் அலமாரியிலிருந்து புடவையை உருவி ஒரே வீச்சில் பிரித்துப் போடுவார். அது நேராகப் போய் எதிரே இருப்பவளின் மடியில் விழும்.

"மடியில விழுந்தது மறுபடி அலமாரிக்கு வராதுடி" என்று என்னிடம் பீற்றிக்கொள்வார். திமிர்தான். ஆனால் பொய்யில்லை. மடி நிறையப் புடவையைக் குவித்துக்கொண்டு, தண்ணீரும் வாங்கிக் குடித்துவிட்டு, ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து போவதற்கு ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! நான் கல்லாவில் உட்கார்ந்து எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். சும்மா பார்க்க வந்தவள்கூட ஒரு ரவிக்கைத் துணியாவது கிழிக்கச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே தெருவில் போகிறவர்களும் ஏறி வருவார்கள்.

அவருக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. எந்தத் துணியையும் வெயிலில் காட்டாமல் பில் போட மாட்டார். புடவையின் ஒரு முனையை வாங்குகிறவள் பிடித்துக்கொள்ள, மறுமுனையை இவர் பிடித்துக்கொண்டு வாசற்படிக்குப் போவார்கள். படியில் விழுகிற வெயிலில் நிறத்தைப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் வியாபாரம் முடியும். வெள்ளைக்கு இது கட்டாயம். எங்களுக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் சர்ச்சுக் குடும்பங்கள். ஞானஸ்நானத்துக்கு வெள்ளை, பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு வெள்ளை, கல்யாணத்துக்கு வெள்ளை, சாவுக்கும் வெள்ளை. அந்த வெள்ளையில்தான் எத்தனை வெள்ளை! பால் வெள்ளை, நீலம் போட்ட வெள்ளை, ஹாஃப் ஒயிட், சந்தன வெள்ளை. அறைக்குள் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். படிக்கு வந்தால் ஒன்றை ஒன்று காட்டிக் கொடுத்துவிடும்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு டீச்சரம்மா அப்படி வந்தவர்தான். மகளின் புதுநன்மை கவுனுக்குத் துணி எடுத்த அன்று, படியில் நின்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணா, இவ கல்யாணத்துக்கும் நீங்கதான் வெள்ளை எடுத்துத் தரணும். நான் வேற கடைக்குப் போகமாட்டேன்." அந்தக் குழந்தை அப்போது படியின் கீழே யாருடைய பெரிய செருப்பையோ மாட்டிக்கொண்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தது. "ஆகட்டும் டீச்சரம்மா, இது என் பொறுப்பு" என்றார் இவர். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அதனால் அந்த வார்த்தையை இவர் சும்மா சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் மெயின் ரோட்டில் பெரிய ஷோரூம் ஒன்று வந்தது. பழுப்புக் கண்ணாடிச் சுவர், உள்ளே ஏசி, கண்ணாடிக்குள் தலையில்லாத பொம்மைகளுக்குப் புடவை கட்டி நிறுத்தியிருந்தார்கள். எங்கள் படியில் செருப்பு குறைய ஆரம்பித்தது. "போய்ப் பார்த்துட்டு வரேன், அப்படி என்னதான் வெச்சிருக்கான்" என்று ஒருநாள் மதியம் கிளம்பினார். வேவு பார்க்கப் போன மனுஷன் பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு முழுக்கைச் சட்டை, ஒரு பெல்ட், ஒரு சென்ட் பாட்டில்!

"துணிக்கடைக்காரன் இன்னொரு கடையில துணி வாங்கினா ஊரு எதால சிரிக்கும்? உங்களுக்கு எதுக்குங்க சென்ட்டு?" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னமோ தெரியலடி. உள்ள போனா ஜில்லுன்னு இருக்கு. மெதுவா பாட்டுப் போடறான். மஞ்சளா லைட்டு. வெளிய மழையா வெயிலான்னே தெரியல. யாரும் எதுவும் கேக்கல, ஆனா நான் ஒரு பெரிய ஆளு மாதிரி இருந்துச்சு. கையில எடுத்ததைத் திருப்பி வைக்கவே மனசு வரல."

நான் அப்போதே பயந்துவிட்டேன். சட்டைக்காக அல்ல. அந்த முகத்துக்காக. கல்யாணமான புதிதில்தான் அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. நம் கடையையும் அப்படி ஆக்க வேண்டும் என்றார். வீடு கட்டலாம் என்று சந்தாபுராவில் வாங்கிப் போட்டிருந்த சைட்டை விற்றார். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாகிவிடும் என்று தலையில் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே? பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆகவேண்டும், நானும் ஏறினேன்.

கடை அலங்காரம் செய்ய ஒருவர் வந்தார். கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். மெத்தையைத் தூக்கச் சொன்னார். படியை இடித்துச் சாய்தளம் போட்டார். வாசலுக்குக் கண்ணாடிக் கதவு, கண்ணாடியில் பழுப்பு ஸ்டிக்கர். உள்ளேயிருந்து பார்த்தால் தெருவில் எந்நேரமும் சாயங்காலம்தான். "லைட்டிங்தான் சார் எல்லாமே. உள்ள வந்த கஸ்டமர் டைம் மறந்துடணும். கதவை மட்டும் திறந்து வெக்காதீங்க, ஏசியும் போயிடும், எஃபெக்டும் போயிடும். சக்கத்தா இருக்கும், நோடி! பிரமாதமா இருக்கும், பாருங்க!" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சொன்னபடிதான் செய்து கொடுத்தார். கடை அழகாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

எல்லாரும் வந்து பார்த்தார்கள். "அம்மாடி, சினிமாவில வர்ற கடை மாதிரி இருக்கே!" என்றார்கள். பார்த்துவிட்டுப் போனார்கள். மடியில்லாத இடத்தில் எதைப் போடுவது? எல்லாரும் நின்றுகொண்டே இருந்தார்கள். நிற்கிறவளுக்குத் திரும்பிப் போவது சுலபம். சிலர் பழக்கத்தில் செருப்பை வெளியே விட்டுவிட்டு, சில்லிட்ட டைல்ஸில் வெறுங்காலோடு தயங்கித் தயங்கி வந்தார்கள். "செருப்போடு வரலாம்" என்று இவர் ஒரு போர்டு எழுதி மாட்டினார். அதற்குப் பிறகு வாசலில் செருப்பே இல்லை. உள்ளே ஆள் இருந்தாலும் தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கடை காலியாகத்தான் தெரிந்தது.

ஆனால் சொன்ன வார்த்தை தவறாமல் டீச்சரம்மா வந்தார். கல்யாணப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் கடையில் வாய் ஓயாமல் பேசுகிற மனுஷி, அன்று ஆஸ்பத்திரிக்குள் வந்த மாதிரி மெல்லக் குசுகுசுத்தார். "ரொம்ப நல்லா இருக்குண்ணா. எங்க நிக்கறதுன்னே தெரியல" என்று சிரித்தார். இவர் நல்ல பட்டில் ஒரு வெள்ளைப் புடவையை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் விரித்தார். விளக்கு அதன்மேல் விழுந்து பொன்னாக மின்னியது. பெண்ணின் கண் அகன்றது. ரவிக்கைக்கென்று தனியாக ஒரு வெள்ளைப் பட்டு எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. நானும் பார்த்தேன், ஒன்றாகத்தான் இருந்தன.

டீச்சரம்மா புடவையின் முனையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். பழக்கம்! கண்ணாடிக் கதவு மூடியிருந்தது. அவர் இவரைப் பார்த்தார், இவர் அவரைப் பார்த்தார். இவ்வளவு செலவழித்து இழைத்த கடையில் கதவைத் திறக்கச் சொன்னால் அண்ணா மனசு நோகும் என்று அவருக்கு. இவ்வளவு பெரிய கடையில் இன்னமும் பழைய மாதிரி தெருவில் துணி காட்டினால் நம்மை அல்பமாக நினைப்பார்கள் என்று இவருக்கு. டீச்சரம்மா முனையைக் கீழே வைத்தார். "நீங்க குடுத்தா சரியாத்தான் இருக்கும்ணா" என்றார். இவர் கத்தரியை எடுத்தார்.

தையற்காரர் ரவிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தது கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். அன்றைக்கென்று பார்த்து அந்தப் பகுதி முழுக்கக் கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் போட்டுப் பார்த்து, அளவு சரியாக இருக்கிறது என்று மடித்து வைத்துவிட்டார்கள். இதெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்தது.

காலையில் நாங்கள் இரண்டு பேரும் சர்ச்சுக்குப் போனோம். இவர் அந்த ஷோரூம் சட்டையைத்தான் போட்டிருந்தார், சென்ட்டும் அடித்திருந்தார். கார் வந்தது, பெண் இறங்கினாள். நல்ல வெயில். புடவை பால் வெள்ளையாகப் பளீரென்று இருந்தது. ரவிக்கை பழைய வேட்டி மாதிரி மஞ்சள் பாய்ந்து கிடந்தது. இரண்டும் இரண்டு வீட்டிலிருந்து இரவல் வாங்கியது போலிருந்தது. தலையில் போட்டிருந்த வலைத்துணியை இழுத்து, தோளையும் கையையும் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். கண் வீங்கியிருந்தது. பூசை முடியும் வரைக்கும், குளிரில் நடுங்குகிறவள் மாதிரி, அந்தத் துணியை விடவே இல்லை. மோதிரம் போடக் கையை நீட்டிய ஒரு கணம்தான் விட்டாள்.

ஐயோ, நான் இவர் பக்கம் திரும்பவே இல்லை. திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. சென்ட் வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது.

டீச்சரம்மா எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். "சாப்பிடாம போகக் கூடாதுண்ணா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் கேட்டிருக்கலாம், நானாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். அவர் இவர் இலையில் பிரியாணி வைக்கச் சொல்லிவிட்டுத் தள்ளிப் போனார். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு டீச்சரம்மா எங்கள் கடைக்கு வரவில்லை. அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார், எனக்குத் தெரியும். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, ஊரே அந்தப் பெண்ணைப் பார்த்ததுதானே. வெள்ளைத் துணிக்கு ஆள் வருவது நின்றது. வெள்ளை நின்றால் எங்களுக்கு என்ன இருக்கிறது? இவர் ஒருநாள் கண்ணாடிக் கதவைக் கழற்றி உள்ளே சாய்த்து வைத்தார். சாய்தளத்தில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் ஏறவில்லை. கடைசியில் அந்த இடத்துக்கு ஒரு மொபைல் கடை வந்தது.

நம்புவீர்களோ மாட்டீர்களோ, இவர் வேலைக்குப் போனது அதே மெயின் ரோடு ஷோரூமுக்குத்தான். புடவைப் பிரிவில் விற்பனையாளர். வீட்டில் அதைப் பற்றிப் பேச மாட்டார். சாப்பிடுவார், கால் வலிக்கிறது என்பார், படுத்துவிடுவார். அங்கே உட்காரக் கூடாதாம். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனேன்.

யூனிஃபார்ம் சட்டை போட்டு, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு நிமிஷம் மாறியது. பக்கத்திலேயே சூப்பர்வைசர், சின்னப் பையன். "வாங்க மேடம், என்ன பார்க்கறீங்க?" என்றார் என் புருஷன் என்னைப் பார்த்து. "புடவை காட்டுங்க" என்றேன்.

ஒன்றை எடுத்துப் பிரித்தார். வீசவில்லை. மேசைமேல் பதவிசாக விரித்தார். "மாந்தளிர் கலர் மேடம். உங்களுக்கு எடுப்பா இருக்கும்." அந்த மஞ்சள் விளக்கில் அது செம்பும் பொன்னுமாக மினுங்கியது. எத்தனை வருஷம் கழித்து எனக்கு எது எடுப்பாக இருக்கும் என்று சொல்கிறார்!

நான் வாயை அடக்கியிருக்கலாம். "வெயில்ல காட்டுங்க" என்றேன்.

கை அப்படியே நின்றுவிட்டது. சூப்பர்வைசர் நகர்ந்த பிறகு தலையைத் தூக்காமல் சொன்னார். "வெளிய கொண்டுபோக விடமாட்டாங்கம்மா. கதவுகிட்ட மிஷின் கத்தும்." பிறகு இன்னும் மெதுவாக, "நானும் இங்க எதையும் வெயில்ல பார்த்ததில்ல" என்றார்.

வாங்காமல் எழுந்து போக நான் உட்கார்ந்துகூட இருக்கவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தேன். ஆனாலும் போக முடியவில்லை. "பில் போடுங்க" என்றேன்.

வெளியே வந்தேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பஸ்ஸும் ஸ்கூட்டரும் போகிற ரோட்டோரத்தில் நின்று, பையிலிருந்து அதை எடுத்துப் பிரித்தேன். மாந்தளிர் இல்லை. வெறும் செங்கல் நிறம், அதுவும் சாயம் போன செங்கல். திரும்பிப் பார்த்தால், பழுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தலையில்லாத பொம்மைகளுக்கு நடுவில் அவர் வந்து நின்றுகொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவருக்கு எல்லாம் ஒரே நிறமாகத்தான் தெரியும்.

"என்ன கலர்?" என்று வாயை அசைத்துக் கேட்டார்.

எனக்குப் பொய் வராது என்று லிங்கராஜபுரத்துக்கே தெரியும். புடவையை உயரத் தூக்கிப் பிடித்து, நீங்கள் சொன்னதேதான் என்று தலையை ஆட்டினேன். அவர் சிரித்தார். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தப் புடவையை நான் பலமுறை கட்டியிருக்கிறேன். பகலில் மட்டும் கட்டியதில்லை.